கைப்பிடி உணர்த்தும் பழுது

நுழையும்முன்

பழைய மோட்டார் சைக்கிளை வாங்குவோர் அதன் வண்ணத்தைப் பார்ப்பர். எஞ்சினின் ஓசையைக் கேட்பர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு தொலைவு ஓடும் என வினவுவர். ஓட்டுபவரின் உயிரோடு நேரடித் தொடர்புடைய திசைதிருப்பும் அமைப்பை ஆராய்வோர் சிலரே. அவ்வமைப்பில் தோன்றும் பழுதுகளை, அறிகுறியிலிருந்து காரணத்தை நோக்கிச் செல்லும் முறையில் கண்டறிவதை இப்பாடம் விளக்குகிறது.

அமைப்பும் இயக்கமும்

மோட்டார் சைக்கிளின் சட்டகத்தைப் பட்டறைகளில் சேசிஸ் என்பர். அதன் முன்முனையில் சாய்வான குழாய் ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அக்குழாயினுள் திரும்பும் தண்டோடு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரு கால்களும் கைப்பிடியும் இணைந்துள்ளன. குழாயின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் கிண்ணம் போன்ற எஃகு வளையங்களும், அவற்றுக்கிடையே எஃகுக் குண்டுகளும் உள்ளன. இத்தொகுதியே ‘கோன் செட்’ என வழங்கப்படுகிறது.

சாய்ந்த அக்குழாயின் நேர்கோட்டைத் தரைவரை நீட்டினால், அது முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திற்குச் சற்று முன்னால் சென்று முடியும். எனவே, சக்கரம் தரையைத் தொடும் இடம் எப்போதும் அக்கோட்டைப் பின்தொடர்கிறது. தள்ளுவண்டியின் சிறு சக்கரம், தள்ளும் திசைக்கேற்பத் தானே திரும்பிப் பின்தொடர்வதைப் போன்றதே இதுவும். வண்டி ஓடும்போது கைப்பிடி நேர்நிலைக்குத் திரும்ப இவ்வமைப்பு துணைபுரிகிறது. ஆயினும், குண்டுகள் தடையின்றி உருள வேண்டும். ஃபோர்க் வளையாதிருக்க வேண்டும். இரு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். இவற்றுள் ஒன்று பிறழ்ந்தாலும் கைப்பிடி அதனை உணர்த்திவிடும்.

முதல் அறிகுறி: தடைபடுதல்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்பகுதியை அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் தரையைவிட்டு எழும். அந்நிலையில் கைப்பிடியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்லத் திருப்ப வேண்டும். இயக்கம் வழுவழுப்பாக இருப்பின் குறையில்லை. நடுவில், நேர்நிலைக்கு வரும்போது, பள்ளத்தில் விழுந்தாற்போலக் கைப்பிடி நின்றால் கோன் செட் தேய்ந்துவிட்டது என்பது பொருள்.

பள்ளம் நடுவில் மட்டும் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. சக்கரத்தின் பேரிங் முழுவதுமாகச் சுழல்வது; கோன் செட்டோ சிறிதளவே திரும்புவது. வண்டி பெரும்பாலும் நேராகவே செல்வதால் குண்டுகள் ஒரே இடத்தில் தங்கியிருக்கின்றன. சாலைப் பள்ளங்களும் வேகத்தடைகளும் தரும் அதிர்ச்சி முழுவதும் அவ்விடங்களிலேயே இறங்கிக் கிண்ணத்தில் குழிகளை உண்டாக்குகிறது.

இரு சக்கரங்களில் செல்பவர், தம்மையறியாமலே கைப்பிடியை நுண்ணிய அளவில் இருபுறமும் திருப்பிச் சமநிலையைக் காத்து வருகிறார். குழி அதனைத் தடுப்பதால், மெதுவாகச் செல்லும்போது வண்டி இருபுறமும் அலைபாயும். நட்டை முறுக்குவதாலோ கிரீஸ் இடுவதாலோ குழி மறையாது. கிண்ணங்களையும் குண்டுகளையும் ஒருசேர மாற்றுவதே தீர்வாகும்.

நடுவில் மட்டுமன்றித் தொடக்கம் முதல் முடிவுவரை கைப்பிடி ஒரே சீராக இறுகியிருந்தால், நட்டு அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருக்கலாம். ஏதேனும் ஒரு முனையை நெருங்கும்போது மட்டும் இறுக்கம் தோன்றினால், கேபிளோ மின்கம்பியோ சிக்கியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் அறிகுறி: ஆட்டம்

முன்சக்கரம் உயர்ந்திருக்கும் அதே நிலையில், ஃபோர்க்கின் இரு கால்களையும் அடியில் பற்றி முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ‘டொக்’ என்ற ஓசையுடன் ஆட்டம் தெரிந்தால், கோன் செட் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. ஓட்டும்போது முன்பிரேக்கைப் பிடித்தவுடன் எழும் தட்டொலியும் இதன் அடையாளமே.

ஆயினும், ஆட்டம் கண்டவுடன் முடிவுக்கு வருதல் கூடாது. ஃபோர்க்கின் உட்பகுதித் தேய்மானமும் சக்கரப் பேரிங்கின் தேய்மானமும் இதே போன்ற ஆட்டத்தைத் தரவல்லவை. சாய்வான குழாயின் கீழ்முனை இணைப்பில் விரலை வைத்து, மற்றொருவரை அசைக்கச் சொன்னால், அவ்விடத்து அசைவை விரல் உணர்த்திவிடும். அங்கே அசைவில்லையெனில், சக்கரத்தை மேலும் கீழும் பற்றிப் பக்கவாட்டில் அசைக்க வேண்டும். ஃபோர்க் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் குறை சக்கரப் பேரிங்கில் உள்ளது.

மூன்றாம் அறிகுறி: ஒருபுறம் இழுத்தல்

வண்டி இடப்புறமோ வலப்புறமோ இழுத்துச் செல்வதற்கான காரணங்கள் பல. முதலில் இரு டயர்களின் காற்றழுத்தத்தையும், டயர் ஒருபக்கமாகத் தேய்ந்துள்ளதா என்பதையும் நோக்க வேண்டும். அடுத்து, பின்சக்கரத்தின் இருபுறமும் உள்ள சங்கிலிச் சரிசெய்வானின் அளவுக்கோடுகள் ஒத்திருக்கின்றனவா எனக் காண வேண்டும். அவை ஒவ்வாதிருப்பின் பின்சக்கரம் கோணலாக நிற்கும். குறை பின்னால் இருக்க, ஓட்டுபவரோ கைப்பிடியைக் குறை கூறுவார்.

அளவுக்கோடுகள் ஒத்திருந்தும் இழுவை நீடித்தால் நூல் சோதனை பயன்படும். நீண்ட நூலைப் பின்டயரின் பின்புறம் சுற்றி, அதன் இருபக்கங்களையும் தொட்டவாறு முன்சக்கரம்வரை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கைப்பிடி நேராக இருக்கையில், முன்டயருக்கும் நூலுக்கும் இடையிலான இடைவெளி இருபுறமும் சமமாக இருத்தல் வேண்டும். சமமாக இல்லையெனில் ஃபோர்க்கோ சட்டகமோ வளைந்திருக்கக்கூடும்.

சாய்வான குழாயின் அருகே வண்ணப்பூச்சில் சுருக்கம், புதிதாகப் பற்றவைத்த தழும்பு, கைப்பிடி எல்லைமீறித் திரும்பாமல் தடுக்கும் முளையில் நசுங்கல் ஆகியவை காணப்படின், வண்டி முன்பு மோதலுக்கு உள்ளாகியிருக்கலாம் என ஐயுற வேண்டும். கோன் செட் மாற்றத்தக்க சிறு பொருள். அதன்பொருட்டு விலையைக் குறைத்துக் கேட்கலாம். வளைந்த சட்டகமுடைய வண்டியை, விலை எவ்வளவு குறைவாயினும் தவிர்த்தலே அறிவுடைமை.

எளியதிலிருந்து அரியதற்கு

ஓர் அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். எனவே, செலவின்றி எளிதில் பார்க்கக்கூடியவற்றை முதலில் பார்த்து, பிரித்துப் பார்க்க வேண்டியவற்றை இறுதியில் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, அதன் விளைவை அறிந்தபின் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். காற்றை நிரப்பி, நட்டை முறுக்கி, டயரையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், குறை நீங்கினாலும் அது எதனால் நீங்கியது என்பது விளங்காது.

கைப்பிடி நடுங்கும்போது நட்டை இறுக முறுக்கி அனுப்பும் வழக்கமும் சிலரிடம் உண்டு. நடுக்கம் அடங்கும், அதற்குக் காரணமான தேய்ந்த டயரோ தளர்ந்த பேரிங்கோ அப்படியே இருக்கும். இறுகிய கைப்பிடியால் சமநிலை காப்பதும் கடினமாகும். அறிகுறி மறைந்ததைப் பழுது நீங்கியதாகக் கொள்வது, காய்ச்சலைத் தணித்துவிட்டு நோயை மறப்பது போன்றதாகும்.

தெரிந்து தெளிவோம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி, கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட உரிமம் பெறுவதற்கு 18 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். இப்பாடத்தில் கூறப்பட்ட சோதனைகள் அனைத்தும் நின்ற வண்டியிலேயே செய்யத்தக்கவை. ஓடும் வண்டியின் கைப்பிடியிலிருந்து கைகளை எடுத்து, அது நேராகச் செல்கிறதா எனச் சோதிப்பது உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

பழைய வண்டியை வாங்கும் குடும்பத்தில், இச்சோதனைகளைச் செய்து பார்க்க ஒரு மாணவரால் இயலும். தேவைப்படுவன சிறிது நேரமும், ஒரு நூலும், உடன் நிற்க மற்றொருவருமே. வாங்கியபின் சாலையில் தெரியவரும் பழுதை, வாங்குமுன்பே வாசலில் கண்டறிந்துவிட்டால் பொருளிழப்போடு உயிரிழப்பையும் தவிர்க்கலாம்.