கல்யாண வீடியோவுக்கு எந்த ஹார்ட் டிஸ்க்?

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிமார் கடையில் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, எந்தக் கம்பெனி டிஸ்க் கெட்டுப் போகாது?" கெட்டுப் போகாத டிஸ்க் என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் தன்னிடம் ஓடும் சுமார் மூன்று லட்சம் ஹார்ட் டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2024-ல் பழுது விகிதம் 1.57 சதவீதம். அந்த டிஸ்க்குகள் குளிரூட்டிய கூடத்தில் அசையாமல் இருப்பவை. ஸ்கூட்டர் டிக்கியில் காவிரிப் பாலத்தைக் கடந்து மண்டபம் மண்டபமாகப் போகும் டிஸ்க்குக்கு அதைவிட நல்ல ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

இதே கணக்கில் நமக்குச் சாதகமான செய்தியும் இருக்கிறது. ஒரே ஃபுட்டேஜ் இரண்டு தனித்தனி டிஸ்க்கில் இருந்தால், ஒரே ஆண்டில் இரண்டும் சேர்ந்து போகும் வாய்ப்பு ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. அதனால் பட்ஜெட் எவ்வளவாக இருந்தாலும் என் யோசனை ஒன்றுதான்: விலை கூடிய ஒன்றை வாங்காமல், நடுத்தர விலையில் இரண்டு வாங்குங்கள். இரண்டும் வெவ்வேறு கம்பெனியாக இருக்கட்டும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரட்டை டிஸ்க்குகளுக்கு ஒரே குறை இருக்கக்கூடும்.

எவ்வளவு கொள்ளளவு வேண்டும்? 4கே-யை 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) அளவில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும். மாலை வரவேற்பு, காலை முகூர்த்தம் என்று இரண்டு கேமராவும் சேர்ந்து எட்டு மணி நேரம் ஓடினால் 360 ஜிபி. கலர் கிரேடிங்குக்காக 250 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறினால் அதே கல்யாணம் 900 ஜிபி. ஹார்ட் டிஸ்க் நிரம்ப நிரம்ப, எழுதும் இடம் தட்டின் உள்வட்டத்துக்குப் போகும். அங்கே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். முக்கால் பங்கோடு நிறுத்துவது நல்லது. அப்படிப் பார்த்தால், 360 ஜிபி கணக்கிலேயே 2 டிபி டிஸ்க்கில் நான்கு கல்யாணம்தான் அடங்கும். சீசனில் இது மூன்று வாரத்துக்குக்கூடக் காணாது. 4 டிபியிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா என்ற கேள்வி. எடிட் செய்ய எஸ்எஸ்டி, எடுத்து வைக்க ஹார்ட் டிஸ்க். 4கே ஃபுட்டேஜை ப்ரோரெஸ் 422-க்கு மாற்றி எடிட் செய்தால் ஒரு கேமராவுக்கே நொடிக்கு 60 எம்பிக்கு மேல் படிக்க வேண்டும். இரண்டு கேமராவை டைம்லைனில் அடுக்கினால் 120 எம்பி தாண்டும். சாதாரண போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கின் முழுத் திறனே 120, 130 எம்பிதான். அதன் முள் ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் படிக்கும்போது அதுவும் கிடைக்காது. ஆனால் மண்டபத்தில் கார்டிலிருந்து காப்பி எடுக்க மட்டும் எஸ்எஸ்டிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. பலர் வைத்திருக்கும் யுஎச்எஸ்-1 வகை கார்டு ரீடரே நொடிக்கு 90 எம்பி அளவில்தான் கொடுக்கிறது. 360 ஜிபி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், எதில் இறக்கினாலும்.

எஸ்எஸ்டியை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதுதான் ஜெடெக் அமைப்பின் தரவிதி. நம் ஊரில் 30 டிகிரி என்பது மார்கழி மதியம்.

போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது அட்டைப் பெட்டியில் அச்சிடாத ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று விற்கும் பெரிய கொள்ளளவு 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை. நாட்டு ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் பாதி ஏறி நிற்கும். அதனால் குறைந்த இடத்தில் நிறைய அடங்குகிறது. நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் எடுத்து மறுபடி எழுத வேண்டும். புது டிஸ்க்கில் முதல் தடவை காப்பி செய்யும்போது இது தெரியாது. பழைய கல்யாணத்தை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றும்போதுதான் 120-ல் ஓடிய வேகம் 30, 40-க்கு விழும். டிஸ்க் பழுதென்று பயந்து பாதியில் பிடுங்கிவிடுபவர்கள் உண்டு; அதுதான் ஆபத்து. எடுத்து வைக்க எஸ்எம்ஆர் போதும். ஆனால் நிரப்பியபின் அதை அழித்து அழித்து எழுதாதீர்கள். ஸ்டுடியோ மேசையிலேயே இருக்கப்போகிற டிஸ்க் என்றால், அடாப்டரோடு வரும் 3.5 அங்குல டெஸ்க்டாப் வகை நல்லது. அதற்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு அறிவிப்பு வரும், மற்ற மின்தடைக்கு வராது.

கேபிள் விஷயத்தில் எத்தனை பேர் ஏமாறுகிறார்கள் என்று பாருங்கள். போன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0. அதில் நொடிக்கு 40 எம்பி போனாலே அதிகம். அதே 360 ஜிபிக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். டிஸ்க்கோடு வந்த கேபிளில் ஒரு டேப் ஒட்டி, டிஸ்க் பையிலேயே வைத்துவிடுங்கள். மண்டபத்தில் லேப்டாப்பிலிருந்து டிஸ்க்கைத் தொங்கவிடவும் கூடாது. சில போர்ட்டபிள்களில் யுஎஸ்பி போர்ட் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். போர்ட் ஆட்டம் கண்டால் உள்ளே உள்ள டிஸ்க்கைக் கழற்றி வேறு கேஸில் போட்டுப் படிக்க வழியில்லை. ஓடாமல் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பையில் குலுங்கினால் தாங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ கேபிளில் கால் தடுக்கி அது தரையில் விழுந்தால் தாங்காது.

வெயிலும் கணக்கில் வர வேண்டும். பெயர்பெற்ற போர்ட்டபிள் டிஸ்க்குகளிலேயே இயங்கும் வெப்ப வரம்பு 5 முதல் 35 டிகிரி என்றுதான் போட்டிருக்கிறது. திருச்சியில் மே மாதம் 40-ஐத் தொடுகிறது, வைகாசி முகூர்த்தங்களும் அப்போதுதான். ஏசி இல்லாத அறையில் காப்பி எடுத்தால் டிஸ்க்கை உறையிலிருந்து வெளியே எடுத்து, டைல்ஸ் தரையில், ஃபேன் காற்றுபடும்படி வையுங்கள்.

கம்பெனி பெயர் முழுப் பாதுகாப்பு தராது என்பதற்கு 2023-ல் நடந்ததே சாட்சி. வீடியோ எடுப்பவர்கள் விரும்பி வாங்கிய சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ எஸ்எஸ்டிகளில் சில, தரவோடு திடீரெனச் செயலிழப்பதாகப் பல நாடுகளிலிருந்து புகார் வந்தது. உற்பத்தி நிறுவனமான வெஸ்டர்ன் டிஜிட்டல் ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது; அமெரிக்காவில் வழக்குகளும் தொடரப்பட்டன. வாரன்டி என்பது புது டிஸ்க்குக்கான உறுதி மட்டுமே. உள்ளே இருந்த தாலி கட்டும் காட்சியை எந்தக் கம்பெனியும் திருப்பித் தராது.

வாங்கிய முதல் வாரத்திலேயே டிஸ்க்கைச் சோதித்துவிடுங்கள், கடையில் மாற்றிக்கொள்ளும் அவகாசம் இருக்கும்போதே. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க் ஓடிய மணி நேரம் தெரியும். புது டிஸ்க்கில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் காட்டினால் பழைய சரக்கு. பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். 4 டிபி ஹார்ட் டிஸ்க் என்றால் முடிவு தெரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வரும் '16 டிபி எஸ்எஸ்டி' போன்ற போலிகள் இந்தச் சோதனையில் தப்பாது.

காப்பி எடுத்ததோடு வேலை முடிவதில்லை, சரிபார்க்கவும் வேண்டும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே குளோன் டூல் இருக்கிறது. கார்டில் உள்ளதும் டிஸ்க்கில் விழுந்ததும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு ஃபைலாக ஒப்பிட்டுச் சொல்லும். சொர்க்கவாசல் திறப்பைத் தவறவிட்டால் அடுத்த வைகுண்ட ஏகாதசி வரும். கல்யாணத்தில் அந்த வசதி இல்லை. இரண்டு டிஸ்க்கிலும் சரிபார்த்து முடியும்வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். கார்டு போதவில்லை என்றால் இன்னொரு கார்டு வாங்குங்கள், அது டிஸ்க்கைவிட மலிவு.

2025 மே மாதம் 'கண்ணப்பா' என்ற தெலுங்குப் படத்தின் கிராஃபிக்ஸ் காட்சிகள் இருந்த ஹார்ட் டிஸ்க் மும்பையிலிருந்து ஹைதராபாத்துக்குக் கூரியரில் வந்த இடத்தில் காணாமல் போய், போலீஸ் புகார் வரை போனது. நம் டிஸ்க்கில் ஒரு குடும்பத்தின் பெண்கள், குழந்தைகள், நகைகள், வீட்டு முகவரி எழுதிய பத்திரிகை எல்லாம் இருக்கின்றன. கையை விட்டு வெளியே போகும் டிஸ்க்குக்கு பிட்லாக்கர் போன்ற பாஸ்வேர்டு பூட்டு போடுங்கள். பாஸ்வேர்டை டிஸ்க்கின் மேல் எழுதி ஒட்டாதீர்கள்.

மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியை அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பினார். நமக்கு அந்த 'வேறு இடம்' ஆற்றுக்கு அந்தப் பக்கம். 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு பகுதி சரிந்ததைப் பார்த்தோம். ஸ்ரீரங்கத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் ஒரு டிஸ்க்கைத் தில்லை நகரிலோ உறையூரிலோ உள்ள உறவினர் வீட்டில் வைக்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அந்த இரண்டு மாதங்களில் எல்லா டிஸ்க்கையும் செருகி, சில ஃபைல்களை ஓடவிட்டுப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் எச்சரித்தால் அன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

கல்யாண வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். பென் டிரைவில் வரும் எடிட் செய்த படத்தோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். முன்பணம் கொடுக்கும்போதே ஒரு டிஸ்க்கையும் வாங்கிக் கொடுத்து, எடுத்த ஃபுட்டேஜ் முழுவதையும் அதில் போட்டுத் தரச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஸ்டுடியோக்காரர்கள் சில மாதங்களில் இடத்துக்காக ஃபுட்டேஜை அழித்துவிடுவார்கள்.