கச்சான் காற்றில் ஒரு ஃப்ரீ த்ரோ

கல்லூரி அணிக்கு ஒரு விசித்திரம் உண்டு. மூன்று, நான்கு வருடங்களில் அதிலுள்ள அத்தனை பேரும் மாறிவிடுவார்கள். நன்றாக விளையாடக் கற்றுக்கொண்ட வருடமே டி.சி. வாங்கும் வருடமாகவும் இருக்கும். அப்படியிருந்தும் சில கல்லூரிகள் மட்டும் வருடாவருடம் கோப்பையோடு திரும்புகின்றன. ஆட்கள் எல்லோரும் போன பிறகு அங்கே என்னதான் மிச்சமிருக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கூடைப்பந்து உலகம் காட்டும் பெரிய உதாரணம் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம். ஜான் வுடன் பயிற்சியில் அந்த அணி 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் 10 முறை தேசியப் பட்டம் வென்றது. கடைசி சீசனில் தார்ப், கேலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் மைதான ஓரத்தில் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் வகை பிரித்துக் குறித்தார்கள். 2,326 குறிப்புகள் சேர்ந்தன. முக்கால்வாசி, எதை எப்படிச் செய்வது என்ற வெறும் விவரம். பாராட்டு சுமார் 7 சதவீதம்தான்; திட்டும் ஏறக்குறைய அவ்வளவே. வீராவேசப் பேச்சு என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. சீசனின் முதல் நாள், காலில் கொப்புளம் வராமல் சாக்ஸ் போடுவது எப்படி என்று பாடம் எடுத்தவர் அவர். ஆக, மிச்சமிருந்தது ஒரே ஆசிரியரும் அவர் மாற்றாமல் வைத்திருந்த பயிற்சி முறையும்தான்.

அந்த மாதிரி ஆசிரியர்களை உருவாக்கும் வேலை நம் ஊரிலும் சீக்கிரமே தொடங்கியது. கூடைப்பந்தை ஜேம்ஸ் நைஸ்மித் 1891 டிசம்பரில் உருவாக்கிய அதே அமெரிக்க ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர் ஹாரி குரோ பக். அவர் 1920-ல் சென்னையில் தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. இன்று ராமநாதபுரத்துக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது.

ஆனால் ராமநாதபுரம் கரைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியதே பனிக்காலத்தில் கூரைக்குள் ஆடத்தான். ஜிம்னாசியத்தின் பால்கனியில் இரண்டு பழக்கூடைகளை அடித்து வைத்தார். ரிங் இன்றும் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பது அதனால்தான். அவர் கணக்கில் காற்று கிடையாது. இங்கேயோ காற்றுதான் முதல் எதிரணி. பழைய பாம்பன் பாலத்தில் மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது.

அவ்வளவு வேகம் வேண்டாம். வெறும் 15 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீ த்ரோ எறிந்த பந்து ஏறக்குறைய ஒரு விநாடி அந்தரத்தில் இருக்கும். பந்தின் எடை, குறுக்களவு, காற்றின் இழுவை எல்லாவற்றையும் போட்டுத் தோராயமாகக் கணக்கிட்டால், அதற்குள் பந்து சுமார் கால் மீட்டர் விலகிவிடும். ரிங்கின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர், பந்து 24. நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 10 சென்டிமீட்டர்தான் இடம். குறி தப்பாமல் எறிந்த பந்தும் ரிங்கில் பட்டுத் தெறிக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். 600 கிராம் பந்து எம்மாத்திரம்?

இதில் ஒரு வேடிக்கை. காலை, மாலை வெயில் கண்ணில் அடிக்காதபடி திறந்தவெளி ஆடுகளத்தை வடக்கு தெற்காகப் போடுவதுதான் வழக்கம். வெயிலுக்குச் சரி. தென்மேற்கிலிருந்து வரும் கச்சானுக்கோ, விலாவைத் திறந்து காட்டியதுபோல் ஆகிவிடுகிறது.

பையன்கள் இதற்குத் தாங்களே பழகிக்கொள்வார்கள். காற்று தள்ளும் அளவைக் கழித்து வல்லத்தின் முனையைக் காற்று வரும் திசைக்குச் சற்றுத் திருப்பிப் பிடிக்கும் மீனவரைப் போல, ரிங்குக்குக் கொஞ்சம் காற்றுப் பக்கமாகவே குறி வைப்பார்கள். சொந்த மைதானத்தில் ஜெயிக்கலாம். வெளியூரில் கூரை போட்ட அரங்கில் ஆடும்போது அதே கை, இல்லாத காற்றைக் கழித்துக்கொண்டு எறியும்.

வழி இல்லாமல் இல்லை. 1978-ல் கெர், பூத் என்ற இருவர் 8 வயதுப் பிள்ளைகளைச் சிறு பையை இலக்கில் எறியவைத்துப் பார்த்தார்கள். 3 அடியிலேயே பயின்றவர்களைவிட, 2 அடியிலும் 4 அடியிலும் மாற்றி மாற்றிப் பயின்றவர்கள் 3 அடிச் சோதனையில் நன்றாக எறிந்தார்கள். அதற்காக எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிடவும் கூடாது. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து மட்டும், அதன் முன்பின் தூரங்களை வைத்து எதிர்பார்க்கக்கூடியதைவிடக் கூடுதலாகப் போடுகிறார்கள் என்று 2005-ல் வந்த ஆய்வு காட்டியது. அந்த ஒரு இடத்துக்கு ஒரே மாதிரியான, ஆயிரக்கணக்கான எறிதல்கள் தேவைப்படுகின்றன. எனவே ஃப்ரீ த்ரோவைக் காற்று எழும் முன் விடியற்காலையில் வைத்துக்கொள்ளலாம். காற்றடிக்கும் மாலையை ஓட்டத்துக்கும், தடுப்பாட்டத்துக்கும், தூரம் மாற்றி எறிவதற்கும் ஒதுக்கலாம். தடுப்பாட்டத்தைக் காற்று ஒன்றும் செய்யாது. தொடர்ந்து ஜெயிக்க நினைக்கும் கடலோர அணி அதைத்தான் முதல் ஆயுதமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

உப்புக்காற்றின் கணக்கு தனி. இரும்பு எவ்வளவு சீக்கிரம் அரிக்கும் என்று பார்க்கவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் என்ற கடலோர ஊரில் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. ரிங்கும் கம்பமும் அதே காற்றில்தான் நிற்கின்றன. துரு சுரண்டிப் பெயின்ட் அடிப்பதும் பயிற்சி அட்டவணையில் சேர வேண்டிய வேலை.

உள்ளரங்கம் கட்டக் கோடிகள் வேண்டும். சவுக்கு நட அவ்வளவு வேண்டாம். கெட்டிச் சுவர் காற்றைத் தடுத்தாலும் தனக்குப் பின்னால் சுழல வைக்கும். பாதிக் காற்றை உள்ளே விடும் மர வரிசை அதைச் சீராகத் தணிக்கும். மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை அந்தத் தணிவு தெரியும். 8 மீட்டர் உயரச் சவுக்குக்குப் பின்னால் 28 மீட்டர் நீள ஆடுகளம் தாராளமாக அடங்கும். கல்லூரி நிர்வாகங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் அடுத்த ஜெர்சி செட்டுக்குப் பணம் திரட்டும் முன், மைதானத்தின் தென்மேற்கில் இரண்டு வரிசை சவுக்கு நடுங்கள். நல்ல உடற்கல்வி இயக்குநர் கிடைத்தால், பத்து வருடமாவது அவரை அங்கேயே இருக்க விடுங்கள்.