வண்டிக்கு முன்னே உடல்

திருமழிசைக்குத் தென்மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் இருங்காட்டுக்கோட்டை. தொழிற்சாலைகள் சூழ்ந்த அவ்வூரில் 3.717 கிலோமீட்டர் நீளமுடைய பந்தயத் தடம் ஒன்று உள்ளது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாக்கிய இத்தடம் 1990ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அதற்கு முன்னர், சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடைபெற்றன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இருசக்கர வண்டிப் பந்தய வீரர்கள் இங்கு வருகின்றனர்.

வண்டி ஓடுகிறது, வீரர் அதன்மேல் அமர்ந்திருக்கிறார். அவருக்கு உடற்பயிற்சி எதற்கு? காண்போர் உள்ளத்தில் இவ்வினா எழுவது இயல்பு.

அமர்ந்திருப்பவரின் உழைப்பு

நேர்த்தடத்தில் விரைந்து வரும் வீரர், வளைவை நெருங்கியதும் வேகத்தைச் சட்டெனக் குறைக்கிறார். வண்டியின் வேகம் குறைந்தாலும், அவருடைய உடல் முன்னோக்கிச் செல்லவே முயல்கிறது. கைகளும் தொடைகளும் வயிற்றுத் தசைகளும் அதனைத் தாங்கி நிறுத்துகின்றன. வளைவில் உடலை ஒருபுறம் சரித்து, அடுத்த வளைவில் மறுபுறம் மாற்ற வேண்டும். காற்றின் விசையை எதிர்த்துக் கழுத்து தலைக்கவசத்தைத் தாங்குகிறது. தடித்த தோல் உடைக்குள் வெப்பம் தங்குகிறது. வியர்வையால் உடல் நீரை இழக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது.

உடல் களைத்தால் கவனமும் களைக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தைக் கண் காணும். கையோ ஒரு நொடி தாமதிக்கும். வண்டி மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அந்த ஒரு நொடிக்குள் அது 50 மீட்டரைக் கடந்துவிடும். எனவே, வீரருக்கு உடற்தகுதி அழகுக்கானதன்று, உயிர்காப்புக்கானது.

வலிமை மட்டும் போதுமா?

தசையைப் பெருக்கினால் போதும் எனக் கருதுவது பிழையாகும். ஸ்பெயின் நாட்டு வீரர் டேனி பெட்ரோசா, உலகின் முதன்மையான மோட்டோஜிபி பந்தயங்களில் பங்கேற்றவர். 2015ஆம் ஆண்டுப் போட்டிகளின் தொடக்கத்தில் முன்கை இறுக்கத்தால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மூன்று பந்தயங்களை இழந்தார். பிடியை விடாது இறுக்கும்போது முன்கைத் தசை வீங்குகிறது. அதனைப் போர்த்தியுள்ள உறையோ எளிதில் விரிவதில்லை. ஆகவே, உள்ளே அழுத்தம் மிகுந்து குருதியோட்டம் குறைகிறது, கை மரத்துப்போகிறது. நலம்பெற்ற பெட்ரோசா அதே ஆண்டு ஜப்பானில் வெற்றி பெற்றார்.

இத்தொல்லைக்கு முன்கையை மேலும் பருக்கச் செய்வது தீர்வாகாது. முழங்கால்களால் வண்டியை அணைத்துப் பிடிக்கவும், வயிறும் இடுப்பும் உடலின் சுமையைத் தாங்கவும் பழகினால் கைகளின் பளு குறையும். வருந்தும் உறுப்பு ஒன்று. பயிற்சி தேவைப்படும் உறுப்பு வேறொன்றாக இருக்கலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

பயிற்சித் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்னர் நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது, செய்ய வேண்டிய பணி யாது? 2015இல் டக்கார் நெடும்பந்தயத்தை நிறைவுசெய்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பாலையிலும் மலையிலும் ஓட்டுபவருக்கு நீடித்த தாங்குதிறன் வேண்டும். சில சுற்றுகளில் முடியும் பந்தயத்திற்கோ விரைவான எதிர்வினை மிகுதியாக வேண்டும். இருவருக்கும் ஒரே திட்டம் பொருந்தாது.

இரண்டாவது, நம் இன்றைய நிலை யாது? காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வைக்கலாம். பழைய காயமோ நோயோ இருப்பின் மருத்துவரின் அறிவுரையைப் பெறுதல் வேண்டும்.

மூன்றாவது, பயிற்சியை எவ்வாறு கூட்டுவது? உடல் சிறிது சிறிதாகவே பழகும். நேரத்தையும் கடுமையையும் ஒருங்கே உயர்த்தாமல், ஒன்றன்பின் ஒன்றாக உயர்த்த வேண்டும்.

நான்காவது, ஓய்வு எப்போது? பயிற்சியின்போது தளரும் தசை, ஓய்விலும் உறக்கத்திலுமே வலுப்பெறுகிறது. பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே, 2018இல் ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் விழுந்து கணையத்தில் கடுங்காயமுற்றார். நலம்பெற்று மீண்ட அவர், 2019இல் பாகா உலகக் கோப்பையின் மகளிர் பிரிவில் வெற்றி வாகை சூடினார். மீளும் காலமும் பயிற்சியின் ஒரு பகுதியே என்பதை இது உணர்த்துகிறது.

நமக்குரிய வண்டி

கியருடன் கூடிய இருசக்கர வண்டியை ஓட்ட உரிமம் பெறுவதற்கு 18 வயது நிறைவடைய வேண்டும். எனினும், பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி உங்களுள் பலரையும் ஓட்டுநராக்கியுள்ளது. மேற்கூறிய நான்கு வினாக்களும் உங்களுக்கும் உரியனவே.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாள்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் உலக நலவாழ்வு அமைப்பு வலியுறுத்துகிறது. பள்ளிக்கு விரைந்து மிதித்துச் செல்வது முதற்பகுதியை ஓரளவு நிறைவுசெய்யும். ஆயினும், மிதிவண்டி கால்களுக்குத் தரும் பயிற்சியை முதுகிற்கும் தோள்களுக்கும் தருவதில்லை. அக்குறையைத் தண்டாலும், முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்தும் பயிற்சியும் நீக்கும். மிதி மிகத் தாழ்ந்திருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு இருக்கையின் உயரத்தை அமைத்தால் மூட்டுவலியைத் தவிர்க்கலாம்.

பிறர் செய்யும் பயிற்சியைக் கண்டு அப்படியே பின்பற்றுவது எளிது. தன் பணியையும் தன் உடலையும் அறிந்து தேர்ந்தெடுப்பதே பயன் தரும். வண்டியைச் சோதித்துப் பார்த்துச் சாலையில் இறங்கும் நாம், அதைச் செலுத்தும் உடலையும் அவ்வாறே ஆயத்தம் செய்வோம்.