மாரிக்கு முன் வளவு

புத்தளம் கரையில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. எங்களுக்கு இருப்பது மாரி. ஏப்ரலில் கொஞ்சம் மழை விழும். பிறகு செப்டெம்பர் வரை கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும். ஒக்டோபரிலும் நவம்பரிலும்தான் பெருமழை. மீ ஓயாவும் கலா ஓயாவும் உள்நாட்டு வெள்ளத்தையும் களப்புக்குக் கொண்டுவந்து சேர்க்கும். 1344இல் மாலைதீவிலிருந்து வந்து இலங்கையில் ஒதுங்கிய இப்னு பதூதா, ‘பத்தாலா’ என்ற ஊரின் கரையெங்கும் வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் குன்றுபோல் குவிந்து கிடந்ததாக எழுதிவைத்தார். பத்தாலா என்பது புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஆகவே வளவை ஒழுங்குபண்ணும் வேலை செப்டெம்பருக்குள் முடிய வேண்டும். தண்ணீர் எங்களிடம் மூன்று வழியாக வருகிறது: மேலிருந்து, தரைவழியாக, நிலத்துக்குக் கீழிருந்து. முதல் இரண்டையும் எல்லாரும் கவனிக்கிறோம். மூன்றாவதை நாங்கள் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் கசப்பானது.

விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றிய 1990 ஒக்டோபரின் கடைசியில், மன்னார்த் தீவிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் இறங்கியபோது எனக்கு 9 வயது. அவ்வாறு விரட்டப்பட்ட 70,000க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். வந்தது சரியாக மாரி தொடங்கும் நேரத்தில். கூரையுமில்லை, விறகுமில்லை. உள்ளூர்க் காக்கா ஒருவர் தன் தென்னங்காணியில் ஒரு மூலையைத் தந்தார். அவருடைய கிணற்றிலேயே நாங்களும் தண்ணி அள்ளினோம்.

முதலில் கூரை. தென்னோலையை நடுவே கிழித்து, களப்புத் தண்ணியில் ஒரு கிழமையளவு ஊறப்போட்டுப் பின்னுவார்கள். உப்புத்தண்ணியில் ஊறிய கிடுகு லேசில் உளுத்துப்போகாது என்பார்கள். உப்பளங்களில் மாரிக்கு முன் உப்புக் குவியலைக் கிடுகால் மூடிக் காத்ததும் இதே கைவேலைதான். கூரை நல்ல சரிவாக இருக்க வேண்டும். சரிவு குறைந்தால் தண்ணி ஓடாமல் ஓலைக்குள் நின்று ஊறும். முகட்டில் கிடுகை இரட்டிப்பாகப் போட்டுத் தும்புக் கயிற்றால் இறுக்க வேண்டும். இன்று தகரமோ ஓடோ போட்டவர்கள் ஆணிகளையும் பீலியையும் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தது தரை. வீட்டைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணியைக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். சிரட்டை, பழைய டயர், யோகட் கோப்பை எல்லாவற்றையும் முதல் மழைக்கு முன்பே அகற்ற வேண்டும். காரணம் உண்டு. டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மழை நனைத்தால் பொரிக்கும். பத்து நாளுக்குள் பறக்கும் நுளம்பாகிவிடும். ஆகையால் தண்ணித் தொட்டியை வெறுமனே கவிழ்ப்பது காணாது, தும்பு போட்டு உரஞ்சிக் கழுவ வேண்டும்.

மூன்றாவது, நிலத்தடி நீர். கற்பிட்டிக் குடாநாடு ஒருபக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக நீண்டுகிடக்கும் மணல். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. உப்புநீர் கொஞ்சம் பாரம் கூடியது என்பதால் இப்படி. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. நடைமுறையில் இரண்டும் கலப்பதால் அது குறையும். மாரியில் இந்த நீர்மட்டம் மேலே ஏறும். அப்போது மலசலகூடக் குழியின் அடி நீருக்குள் போய்விடும். கழிவு மணலூடாகக் கிணற்றுக்கு நடந்து வரும்.

எங்கள் குழியைத் தோண்டும்போதே காக்கா சொன்னார்: “தம்பி, குழிய அங்கால தள்ளித் தோண்டுங்க. மாரியில தண்ணி ஏறும்.”

வாப்பா சிரித்தார். “மூணு மாசத்துக்குத்தானே காக்கா. மாரி கழிய ஊருக்குப் போயிருவோம்.”

நவம்பர் நடுவில் குழி நிரம்பி வழிந்தது. தம்பிக்கு வயிற்றோட்டம், ஆஸ்பத்திரியில் 5 நாள். பக்கத்துக் கட்டிலில் காக்காவின் சின்ன மகள். குழி எங்கட, கிணறு அவங்கட. இரண்டு பிள்ளைகளும் சுகமாகி வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். காக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் வாப்பாவைச் சுட்டது.

அடுத்த செப்டெம்பரில் வாப்பாவே காக்காவிடம் போய், “வாற மாரிக்கு எங்க தோண்ட?” என்று கேட்டார். அடுத்த மாரியையும் இங்கேதான் கழிப்போம் என்று அவர் வாயால் ஒத்துக்கொண்டது அன்றுதான். உம்மா அன்றிரவு அழுதா. அகதிக் குடிசைகள் ஏன் வருடக்கணக்காக ஒழுகின என்று கேட்பவர்கள் இதையும் நினைக்க வேண்டும். வளவைத் திருத்துவது, ஊர் திரும்பும் நாளைத் தள்ளிவைப்பதுபோல் இருந்தது.

இன்று புதிதாக வளவு போடுகிறவர்களுக்கு: குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 100 அடியாவது இருக்கட்டும். மாரி நீர்மட்டத்துக்கு மேலே 5 அடி உயரத்தில் குழியின் அடி நிற்க வேண்டும். ஆழம் கிடைக்காத இடத்தில் கொங்கிரீட் வளையங்களால் மலசலகூடத்தை உயர்த்திக் கட்டலாம். காணி சிறிதென்றால், வேலிக்கு அப்பால் இருக்கும் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்குப் போடும் உரமும் முதல் மழையோடு கீழே இறங்கும். கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. தண்ணியைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கைக்குழந்தைக்கு அது ஆபத்து. ஆகையால் உரத்தைக் கிணற்றடியில் குவிக்கக் கூடாது.

வெள்ளம் வடிந்ததும் மோட்டர் போட்டுக் கிணற்றை ஒரேயடியாக வற்ற இறைக்காதீர்கள். நன்னீர் ஓரடி தாழ்ந்தால் அடியிலுள்ள உப்பு பல அடி மேலேறும். கொஞ்சங் கொஞ்சமாக இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவுக்குக் குளோரின் போடுங்கள். உங்கள் வேலை முடிந்ததும் பக்கத்து வளவுக்குப் போய், அவர்கள் குழி எங்கே, கிணறு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். உங்களுடையது எங்கே என்பதையும் சொல்லுங்கள்.