1,400 கி.மீ. ஹேண்ட் சைக்கிள் பயணம்: நீங்க கொடுக்கிற நன்கொடை எங்கே போகுது?

"தொண்டு நிறுவனத்துக்காக சைக்கிள் பயணம் போறேன், முடிஞ்சதை கொடுங்க"ன்னு ஒரு லிங்க் வந்தா என்ன பண்ணுவோம்? உடனே பணம் அனுப்புவோம், இல்லைன்னா கண்டுக்காம விட்டுடுவோம். ஆனா பணம் அனுப்புறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய ஒரு முக்கியமான கேள்வி இருக்கு. பிரிட்டன்ல நடக்கிற ஹேண்ட் சைக்கிள் பயணங்களை வெச்சு அதைப் புரிஞ்சுக்கலாம், வாங்க.

செலவு ஏன் அதிகம்?

கால்களை அசைக்க முடியாதவங்க கைகளால பெடல் சுத்தி ஓட்டுறதுதான் ஹேண்ட் சைக்கிள். பெரும்பாலும் மூணு சக்கரம் இருக்கும். பிரிட்டனோட தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்ட்ல இருந்து வடக்கே ஜான் ஓ'க்ரோட்ஸ் வரைக்கும் சுமார் 874 மைல், அதாவது 1,400 கி.மீ. நிதி திரட்டுறவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாதை இது.

சாதாரண சைக்கிள்ல பலர் 10 முதல் 14 நாள்ல முடிக்கிறாங்க. கைத்தசைகள் கால் தசைகளை விட சின்னது. ஆரம்பத்துலேயே கார்ன்வால், டெவன் மேடுகள் வேற. அதனால நாட்கள் கூடலாம். கூடவே ஒரு வேன், உதவிக்கு ஆள், வீல்சேர் நுழையுற மாதிரி ரூம் எல்லாம் வேணும். இது ஆடம்பரம் இல்லை, அவசியமான செலவு.

100 பவுண்டு எப்படி 125 ஆகுது?

அங்கே 'கிஃப்ட் எய்ட்'னு ஒரு திட்டம் இருக்கு. வரி கட்டுற ஒருத்தர் 100 பவுண்டு கொடுத்தா, தொண்டு நிறுவனம் அரசாங்கத்துகிட்ட இருந்து இன்னும் 25 பவுண்டு வாங்கிக்கலாம். 50 பேர் ஆளுக்கு 20 பவுண்டு கொடுத்தா 1,000 பவுண்டு. எல்லாருமே போதுமான வரி கட்டுறவங்களா இருந்தா அது 1,250 ஆகிடும்.

அந்த ஒரு கேள்வி

பயணச் செலவை யார் ஏத்துக்கிறாங்க? இதுதான் கேள்வி.

ஒரு உதாரணத்துக்கு, செலவு 2,000 பவுண்டு, திரட்டினது 5,000 பவுண்டுன்னு வெச்சுக்கோங்க. ஓட்டுறவரோ ஒரு ஸ்பான்சரோ செலவை ஏத்துக்கிட்டா, 5,000 பவுண்டும் தொண்டுக்குப் போகும். நன்கொடையில இருந்தே எடுத்தா, மிஞ்சுறது 3,000 தான்.

வரித்துறையும் இதை கவனிக்குது. நன்கொடைப் பணத்துல இருந்து பயணச் செலவு போனா, ஓட்டுறவரோட மனைவி, பெற்றோர், உடன்பிறந்தவங்க கொடுக்கிற தொகைக்கு பொதுவா கிஃப்ட் எய்ட் கிடைக்காது. ஏன்னா, பலன் குடும்பத்துக்கே திரும்பி வருதே!

செலவை நன்கொடையில இருந்து எடுக்கிறது தப்பில்லை. பணம் கேட்கும்போதே அதை வெளிப்படையா சொல்லிடணும், அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல?

இங்கே 80ஜி சலுகை கொடுக்கிறவருக்குத்தான், அதுவும் பழைய வரி முறையை எடுத்தவங்களுக்கு மட்டும். ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா அந்தத் தொகைக்கு சலுகை கிடையாது. தனிநபர் கணக்குக்கு அனுப்புற பணத்துக்கும் கிடையாது. அதனால பதிவு பெற்ற நிறுவனத்தோட கணக்குக்கே நேரடியா அனுப்புங்க, சான்றிதழை மறக்காம கேட்டு வாங்குங்க.

இந்தக் கேள்வியை நேர்மையா ஓட்டுறவங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. பதில் தெளிவா வந்தா, தயங்காம கொடுங்க. நீங்க கடைசியா நன்கொடை கொடுத்தப்போ என்ன விசாரிச்சீங்க? கமெண்ட்ல சொல்லுங்க.