வீட்டுக் கணினியைத் திறக்கும் முன்

மேசைக் கணினி கழற்றிப் பூட்டுவதற்கு வசதியாகவே செய்யப்பட்ட பொருள். பக்கவாட்டுத் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றினால் உள்ளே இருப்பது அத்தனையும் தெரியும். கடைக்குக் கொண்டுபோகும் கோளாறுகளில் பல, வீட்டிலேயே தீரக்கூடியவை. கடையநல்லூர் போன்ற மலையடிவார ஊர்களில் ஆனி, ஆடிக் காற்று வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும் புழுதியே கணினி சூடாகித் தானாக அணைந்துபோவதற்குப் போதும்.

திறக்கும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். பிறகு பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் மதர்போர்டில் தங்கிய மின்சாரம் வடியும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கைவைக்க வேண்டும். உடலில் சேரும் நிலைமின்சாரம் மனிதருக்கு உறைக்காது, சில்லுகளைக் கெடுத்துவிடும். எந்த வயரையும் உருவுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. பவர் பட்டனிலிருந்து வரும் மெல்லிய வயர்களை மாற்றிச் செருகிவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம்.

திரையில் எதுவும் வராமல் பீப் ஒலி மட்டும் கேட்டால் முதலில் ராம் என்ற நினைவகத்தைச் சந்தேகிக்கலாம். இருபுறக் கிளிப்பையும் விலக்கி அதை எடுத்து, பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்திப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒவ்வொரு முறையும் தேதி பழையதாகக் காட்டினால் மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். கழற்றிய பேட்டரியைக் குழந்தை கைக்கு எட்டவிடக் கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். விசிறியில் காற்றடித்துத் தூசி போக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாகி மின்தேக்கியில் நிற்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் ஆளை அடிக்கும். பழுதானால் முழுதாக மாற்றுவதே வழி. பழைய எஸ்எம்பிஎஸ்களின் பின்புறம் 115, 230 என்று சிறிய தள்ளு சுவிட்ச் இருக்கும். வளைகுடாவிலிருந்து சாமான்கள் வந்துசேரும் கடையநல்லூரில் இதைக் கவனித்தே ஆக வேண்டும். சவூதியில் நெடுங்காலம் வீடுகளுக்கு 127 வோல்ட் இணைப்பு இருந்தது. 115இல் வைத்த எஸ்எம்பிஎஸ்ஸை இங்கே செருகினால் அந்த நொடியே வெடிக்கும். கணினிப் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எர்த் இல்லை என்று பொருள். அதற்கு அழைக்க வேண்டியவர் எலக்ட்ரீஷியன்.

இனி வாரண்டி. வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்தால் உரிமை போச்சு என்று மிரட்டுவது சரியல்ல என அமெரிக்க வர்த்தக ஆணையம் 2018இல் ஆறு நிறுவனங்களை எச்சரித்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. ஆனால் இதற்கெனத் தனிச் சட்டம் வரவில்லை. ஆகவே வாரண்டி உள்ள கணினியைத் திறக்காமல் நிறுவனத்திடம் விடுவதே இப்போதைக்குப் புத்திசாலித்தனம்.

சர்வீஸ் கடைக்குக் கொடுப்பதானால், கோளாறு ஹார்டு டிஸ்க்கில் இல்லாதபோது அதைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ராம் அளவையும் பாகங்களின் வரிசை எண்களையும் படமெடுத்து, ரசீதிலும் எழுதி வாங்க வேண்டும். பில் தர மறுப்பதும், நம்பிக் கொடுத்த சொந்தத் தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியிடுவதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைகள். கடைக்காரர் முகம் கோணுவார் என்று பில் கேட்கக் கூச்சப்படுவதுதான் பிறகு வழக்கையே பலவீனப்படுத்துகிறது.

பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். அதற்கும் பலனில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கணினியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், தான் வசிக்கும் மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.