தேர்த் தச்சரும் இரும்பாணியும்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் பெரிய தேர் நிலையைவிட்டு அசையும்போது, வடம் பிடித்த ஜனங்களின் ஆரவாரத்தினிடையே 'கிறீச்' என்றொரு சப்தம் எழும். பக்தர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. தச்சர்களோ செவிசாய்த்துக் கேட்பார்கள். மரத்துடன் மரம் நெருங்கி, ஒவ்வொரு மூட்டும் தன் பங்குப் பளுவை ஏற்கும் சப்தமல்லவா அது!

முற்காலத்தில் இத்தேர் மரச் சக்கரங்களில் ஓடிற்று. நிலைக்குத் திரும்பப் பல நாட்கள் பிடிப்பதும் உண்டு. இன்று இரும்புச் சக்கரங்கள் பூண்டிருக்கிறது. ஆயினும் சக்கரத்திற்கு மேலே மரமே ஆட்சி செலுத்துகிறது. தேர்ப் பணிக்கு இலுப்பையையும் தேக்கையும் நம்மவர் விரும்புவர். கழுந்தைத் துளையில் பொருத்தி, ஆப்பு இறுக்கி, அவசியமான இடங்களில் மட்டும் இரும்பைத் துணைக்கு அழைப்பது அவர்கள் முறை. இரும்பைக் கண்ட இடமெல்லாம் அறைந்துவிடாத அந்த நிதானத்தை நாம் பெரிதும் மெச்சுகிறோம்.

ஏனெனில் ஆணி மரத்திற்கு நண்பனுமாகும், பகைவனுமாகும். அறைந்த ஆணியை மரத்தின் நார்கள் இருபுறமும் நெருக்கிப் பிடிக்கின்றன. குறுக்கே இழுக்கும் பளுவை அது நன்றாகத் தாங்கும். நேரே பிடுங்கும் பளுவுக்கு எளிதில் இளகும். பலகையின் முனைமுகத்தில், நார் ஓடும் திசையிலேயே அறைந்த ஆணிக்கோ பிடிப்பு மிகச் சொற்பம். பச்சை மரத்தில் அறைந்துவிட்டால், மரம் உலர்ந்து சுருங்கியதும் இருந்த பிடிப்பும் தளர்ந்துவிடும். மேற்கு மலையடிவாரத்து ராஜபாளையத்தில் மழைக்காலத்து ஈரமும் கோடையின் வறட்சியும் மாறி மாறி வருவதால், அங்கே கதவு நிலை செய்விப்போர் இதை மறத்தலாகாது.

டென்மார்க்கு தேசத்து ஜோஹான்ஸன் என்னும் அறிஞர் 1949-ல் இவ்விஷயத்திற்குக் கணக்கு வகுத்தார். மூட்டின் வலிமை இரண்டைப் பொறுத்தது: ஆணியின் கீழே மரம் எவ்வளவு நசுங்கும், ஆணி எவ்வளவு வளையும். மெல்லிய ஆணிகள் பலவற்றை அறைந்தால், அவை மெள்ள வளைந்து, மூட்டு தளர்வதை முன்கூட்டியே காட்டிவிடும். மெல்லிய பலகையில் தடித்த மரையாணி ஒன்றைப் பூட்டினாலோ, அது வளையாது. பலகைதான் திடீரெனப் பிளக்கும். முன்னறிவிப்பின்றி நேரும் இப்பிளவே உயிருக்கு ஆபத்து. இழுவிசை தாங்கும் மெல்லிய ஜாதி மரங்களில், மரையாணியின் விட்டத்தைப்போல் 7 மடங்கு தூரமாவது முனையிலிருந்து தள்ளித் துளையிட வேண்டும் என்பது பொறியியல் நூல்களின் விதி. ஆணிக்கும் முன்துளை நல்லது. அதன் விட்டத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்படாமல் துரப்பணத்தால் துளைத்துக்கொண்டால் மரம் வெடிக்காது.

இதெல்லாம் மேல்நாட்டாருக்கே உரிய வித்தை என்று எண்ண வேண்டியதில்லை. 1906-ல் டேராடூனில் தோன்றிய வன ஆராய்ச்சி நிலையம், நம் நாட்டு மரங்களின் வலிமையை ஜாதிவாரியாகச் சோதித்து அட்டவணைப்படுத்தியிருக்கிறது.

இனி வீட்டு ஊஞ்சலுக்கு வருவோம். கூடத்தில் குழந்தைகள் ஆடும் அந்தப் பலகை எதில் தொங்குகிறது என்று அண்ணாந்து பார்த்தவர் எத்தனை பேர்? உத்தரத்தின் அடிப்புறத்தில் திருகிய கொக்கி, மரையின் பிடியை மட்டுமே நம்பித் தொங்குகிறது. உத்தரத்தை ஊடுருவி, மேலே இரும்புத் தகடு வைத்து, முடுக்கிய மரையாணியோ உத்தரத்தின் மீதே பளுவை ஏற்றிவிடுகிறது. இரண்டாவதையே கேட்டு வாங்குங்கள். புது மரமானால் முதலாண்டுக் கோடை கழிந்ததும் ஒருமுறை திரும்ப முடுக்கச் செய்யுங்கள். கொக்கிக்கு நேர் கீழே தரையில் மரத்தூளோ துருவோ உதிர்ந்து கிடந்தால், அன்று ஊஞ்சலைக் கழற்றி வைத்துத் தச்சருக்கு ஆள் அனுப்புங்கள்.